கிட்டப்பா எத்தனை கட்டை?

சென்னையில் இருக்கும் நண்பன் ஒருவன் டர்ன்டேபிள் வாங்கியிருக்கிறான். விலை நாற்பதாயிரத்துக்கு மேல். அன்றிலிருந்து அவனோடு நிம்மதியாக ஒரு பாட்டுக் கேட்க முடியவில்லை. போனில் ஏதாவது ஓடவிட்டால், "மச்சி, நீ கேக்குறது பாட்டில்ல, பாட்டோட ஜெராக்ஸ்" என்கிறான். இளையராஜாவின் எல்பிக்களைத் தேடித் தேடி வாங்குகிறான். "உங்க ஊர்ப் பக்கம் பழைய மைக்செட்காரங்ககிட்ட நிறைய கெடக்கும்டா, கேட்டுப் பாரேன்" என்று அவன் நச்சரித்ததால்தான் ஆலங்குளத்தில் அந்த அண்ணாச்சியைப் பார்க்கப் போனேன்.

அண்ணாச்சி மைக்செட் தொழிலை விட்டுப் பல வருசம் ஆகிறது. பரணிலிருந்து ஒரு தகரப் பெட்டியை இறக்கினார். மேலாக ஏழெட்டு எல்பி இருந்தது. ஓட்டுக்கூரைச் சூட்டில் பாதி அப்பளமாக வளைந்திருந்தது. அதற்கும் கீழே, பழைய பேப்பரில் சுற்றிய பதினைந்து இருபது தட்டுகள். அளவில் சின்னது, கையில் எடுத்தால் கனம். அவருடைய அப்பா காலத்துச் சரக்கு.

"இத ஒங்க கூட்டாளி மிசின்ல போட முடியாது தம்பி. இது எழுவத்தெட்டு" என்றார்.

அங்கேயிருந்தே நண்பனுக்கு போன் போட்டேன். அவன் மெஷினில் இரண்டு வேகம்தான்: 33, 45. அண்ணாச்சி சொன்னது சரி. இசைத்தட்டின் மூலம் அசலான இசைக்குத் திரும்பிவிட்டதாக நம்புகிற ஒருவனுடைய மெஷினில், தமிழ் இசைத்தட்டின் முதல் அரை நூற்றாண்டு ஓடாது. இந்தக் கட்டுரை அந்த இடத்திலிருந்து தொடங்குகிறது.

*

முதலில் 'எது நல்லா கேக்கும்' என்ற சண்டையை முடித்துவிடலாம். அளவுகோலை வைத்துப் பார்த்தால் டிஜிட்டல்தான் ஜெயிக்கும். ஒரு சிடியில் மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் இடையில் 96 டெசிபல் வரை இடம் இருக்கிறது. நல்ல எல்பியில் 70ஐ ஒட்டித்தான் கிடைக்கும். எல்பியில் இன்னொரு சிக்கலும் உண்டு. தட்டு ஒரே வேகத்தில் சுற்றினாலும், வெளி விளிம்பில் முள்ளுக்கு அடியில் விநாடிக்கு ஐம்பது சென்டிமீட்டர் பள்ளம் ஓடும். உள்ளே நடுப்பக்கம் வரும்போது அது இருபது சென்டிமீட்டர் சொச்சமாகச் சுருங்கிவிடும். அதனால் ஒரு பக்கத்தின் கடைசிப் பாட்டு முதல் பாட்டளவுக்குத் தெளிவாக இருக்காது. இது தட்டின் வடிவத்திலேயே உள்ள குறை. எத்தனை லட்சம் கொட்டினாலும் முழுதாகப் போகாது.

"ஆனா அந்த வார்ம்த் இருக்கே" என்பான் நண்பன். அதற்கும் ஒரு கதை உண்டு. அமெரிக்காவில் மொபைல் ஃபிடெலிட்டி என்ற கம்பெனி, மூல நாடாவிலிருந்து நேரடியாக எடுத்த தட்டுகள் என்று ரசிகர்கள் நம்பிய எல்பிக்களை உயர்ந்த விலைக்கு விற்றுவந்தது. நடுவில் ஒரு டிஜிட்டல் படி இருந்தது என்பது 2022இல் வெளியே வந்தது. அதுவரை அந்தத் தட்டுகளைக் கேட்டு, டிஜிட்டலில் இது வரவே வராது என்று உருகியவர்களில் யாருக்கும் அது காதில் தட்டுப்படவில்லை. அவர்கள் பொய் சொன்னார்கள் என்று நான் சொல்லவில்லை. அனுபவித்தது உண்மை. அனுபவத்துக்கான காரணம் காதில் மட்டும் இல்லை, அவ்வளவுதான். தட்டை உறையிலிருந்து எடுப்பது, துடைப்பது, முள்ளை வைப்பது, இருபது நிமிடம் எழுந்து போகாமல் இருப்பது... இந்தக் கவனம்தான் பாட்டை நன்றாக்குகிறது. அதே கவனத்தைப் போனுக்குக் கொடுத்தாலும் பாட்டு நன்றாகத்தான் கேட்கும். நாம் கொடுப்பதில்லை.

ஆக, நண்பன் ரசிப்பது தப்பில்லை. அந்த ரசனையை ஒரு வரலாறாக்கி, 'நம்ம முன்னோர் இப்படித்தான் கேட்டாங்க' என்று சொல்லும்போதுதான் எனக்கு உதைக்கிறது. ஏனென்றால் எங்கள் பக்கத்தில் யாரும் அப்படிக் கேட்கவில்லை.

*

திருநெல்வேலிச் சீமையில் பெரும்பாலானவர்களின் காதுக்கு ரெக்கார்டு வந்தது குழாய் ஸ்பீக்கர் வழியாகத்தான். கோயில் கொடை, கல்யாணம், சடங்கு, புதுக்கடைத் திறப்பு. பனைமரத்திலோ வேப்பமரத்திலோ குழாயைக் கட்டி, கீழே ஒரு பெஞ்சில் அகூஜா ஆம்ப்ளிபயரும் பிளேயரும் வைத்து ஒருத்தர் உட்கார்ந்திருப்பார். குழாய் ஸ்பீக்கருக்கு அடிக்குரலும் தெரியாது, உச்சத்தில் மினுங்குகிற நுணுக்கமும் தெரியாது. நடுவில் உள்ளதை மட்டும் எடுத்து இரண்டு மைலுக்கு வீசும். அதில் 'வார்ம்த்' தேடினால் கிடைக்காது. கிடைத்தது வேறு. ஒரு ஊரே ஒரே நேரத்தில் ஒரே பாட்டைக் கேட்டது. பீடி சுற்றிக்கொண்டிருக்கிறவர்களும், வயலில் நிற்கிறவர்களும், பாட்டு பிடிக்காதவர்களும்கூடக் கேட்டார்கள். வேண்டாம் என்று தள்ளிவிட்டு அடுத்த பாட்டுக்குப் போக முடியாது. அந்த உரிமை மைக்செட்காரர் ஒருவருக்கே இருந்தது.

அதில் அதிகாரமும் இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. எந்தத் தெருவில் குழாய் கட்டலாம், எந்தப் பக்கம் திருப்பலாம், எந்தப் பாட்டைப் போட்டால் வம்பு வரும் என்பதெல்லாம் ஊருக்குத் தெரியும். பழைய மைக்செட்டை நினைத்து ஏங்கும் கட்டுரைகள் இதைச் சொல்வதில்லை. கைக்குள் வந்த பாட்டு, காதுக்குள் செருகிய பாட்டு, யாரிடமும் கேட்காமல் எவரும் எதையும் கேட்கலாம் என்ற நிலைமை, இதெல்லாம் டிஜிட்டல் தந்தது. அது சின்ன விடுதலை இல்லை.

அண்ணாச்சியிடம் கேட்டேன், ரெக்கார்டு சத்தம் இப்போதைய சத்தத்தைவிட நல்லா இருக்குமா என்று. சிரித்தார். "சத்தத்த யாரு தம்பி பாத்தா? முள்ளு தேஞ்சு போச்சான்னு பாக்கவே நேரம் பத்தாது. கீறல் விழுந்த எடத்துல தாண்டி வைக்கணும். ஒரு கொடை முடியுமுன்ன கண்ணு எரிஞ்சிரும்."

*

இப்போது அந்த எழுபத்தெட்டுக்கு வருவோம். 'வினைல்' என்ற சொல்லே இவற்றுக்குப் பொருந்தாது. வினைல் எல்பி அமெரிக்காவில் வந்தது 1948இல். அதற்கு முந்தைய தட்டுகள் அரக்கால் ஆனவை. மரத்தில் பூச்சி வைக்கும் அந்த அரக்கோடு கல்பொடியும் கரியும் கலந்து அழுத்திச் செய்தவை. உலகத்துக்கே அரக்கு பெரும்பாலும் நம் நாட்டிலிருந்துதான் போனது. கீழே விழுந்தால் வளையாது, உடையும். பள்ளம் அகலமானது; எல்பி முள்ளை வைத்தால் அது அடியில் போய் உட்கார்ந்து குப்பையைத்தான் பாடும். பத்து அங்குலத் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம் சொச்சம். இந்தியாவில் 1902இல் பிரெட் கெய்ஸ்பர்க் கல்கத்தாவுக்கு வந்து கௌஹர் ஜானைப் பதிவு செய்ததிலிருந்து 1960கள் வரை நம் இசைத்தட்டு என்றால் பெரும்பாலும் இதுதான். பீட்டில்ஸின் பாட்டைக்கூட இந்தியாவில் எழுபத்தெட்டில் அடித்து விற்றிருக்கிறார்கள்.

தமிழில் இந்தத் தட்டை வீட்டுக்கு வீடு அறிமுகப்படுத்தியதில் நாடகப் பாடகர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. ஏ.வி. மெய்யப்பன் சினிமாவுக்கு வருமுன் சரஸ்வதி ஸ்டோர்ஸ் வழியாக ஓடியன் ரெக்கார்டு விற்றவர். இசைத்தட்டு நாடகத்திலிருந்து எடுத்தது, சினிமா இசைத்தட்டிலிருந்து எடுத்தது. சுதந்திரப் போராட்டக் காலப் பாட்டுகள் ரெக்கார்டு வழியாக ஊர் ஊராகப் போனதைப் பற்றி சு. தியடோர் பாஸ்கரன் விரிவாக எழுதியிருக்கிறார்.

இந்தப் பாடகர்களில் மிகப் பெரியவர் எங்கள் பக்கத்துக்காரர். ஆலங்குளத்திலிருந்து தென்காசி தாண்டிப் போனால் செங்கோட்டை. எஸ்.ஜி. கிட்டப்பா 1906இல் அங்கே பிறந்தார். சிறுவனாக மேடை ஏறியவர். கே.பி. சுந்தராம்பாளோடு ஜோடி சேர்ந்து பாடிய காலத்தில் தமிழ் நாடக மேடையே அவர்கள் பின்னால் நின்றது. 1933 டிசம்பர் 2 அன்று, இருபத்தேழு வயதில் இறந்தார்.

தமிழ்ப் பேசும்படம் வந்தது 1931இல். கிட்டப்பா எந்தப் படத்திலும் நடிக்கவில்லை. சுந்தராம்பாளை நாம் 'ஔவையார்', 'திருவிளையாடல்' வழியாகப் பார்க்கலாம், கேட்கலாம். 1980 வரை வாழ்ந்தவர், அரக்குத் தட்டில் தொடங்கி வண்ணப் படம் வரை அவர் குரல் பதிவாகியிருக்கிறது. கிட்டப்பாவுக்கு அப்படி எதுவும் இல்லை. மேடையில் அவரைக் கேட்டவர்களில் இன்று யாரும் மிஞ்சியிருக்க வாய்ப்பில்லை. அவர் குரலுக்கு இருக்கிற சாட்சி அந்த அரக்குத் தட்டுகள் மட்டும்தான். அவை உடைந்தால் கிட்டப்பா இல்லை.

*

கிட்டப்பா பாட்டை நான் முதலில் கேட்டது யூடியூபில். நீங்களும் அங்கேதான் கேட்டிருப்பீர்கள், அல்லது இனிமேல் கேட்பீர்கள். இரைச்சலுக்கு நடுவில் ஒரு குரல் கிளம்பும். முதல் தடவை, இது ஆண்குரலா என்றே சந்தேகம் வரும். அவ்வளவு உயரம். அந்த உயரத்திலிருந்துகொண்டே பிருகா உதிரும், ஒவ்வொரு மணியும் தனித்தனியாக. மைக் இல்லாத மேடையில், கடைசி வரிசையில் தரை டிக்கெட்டில் உட்கார்ந்திருப்பவனுக்கும் எட்ட வேண்டிய குரல் அது. மைக் வந்த பிறகு வந்த பாடகர்கள் கீழே இறங்கிப் பாட முடிந்தது, காதோரம் வந்து பேசுவதுபோலக் குழைய முடிந்தது. கிட்டப்பாவுக்கு அந்த வசதி கிடையாது. அந்த உயரம் கொஞ்சம் வித்தை, கொஞ்சம் தேவை.

ஆனால் எவ்வளவு உயரம்? இங்கேதான் சிக்கல். ஒரே பாட்டை இரண்டு பேர் ஏற்றியிருந்ததை ஒருநாள் அடுத்தடுத்துக் கேட்டேன். ஒன்றைவிட இன்னொன்று அரைக் கட்டை மேலே இருந்தது. ஒன்றில் அவர் நிதானமாகப் பாடும் இளைஞர்; இன்னொன்றில் பறக்கிற சிறுவன். எது கிட்டப்பா?

விளக்கம் எளிது. 'எழுபத்தெட்டு' என்பது பிற்காலத்தில் நிலைப்பட்ட எண். பழைய காலத்தில் பதிவு செய்த வேகம் கம்பெனிக்குக் கம்பெனி, சில சமயம் ஒரே கம்பெனிக்குள்ளேயே மாறும். எழுபதுகளின் தொடக்கத்திலிருந்து எண்பதுக்கு மேல் வரை எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். நிமிடத்துக்கு 78 சுற்றாகப் பதிந்த தட்டை 82.6 சுற்றில் ஓடவிட்டால் சுருதி சரியாக அரைக் கட்டை ஏறும். நாலரைச் சுற்று வித்தியாசம், அவ்வளவுதான். சாவி கொடுக்கிற கிராமபோனில் ஸ்பிரிங் தளரத் தளர வேகம் குறையும், வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற திருகும் உண்டு. தட்டை டிஜிட்டலாக்கிய புண்ணியவானின் பிளேயர் எந்த வேகத்தில் ஓடியது என்பது அவருக்கே தெரியாமல் இருந்திருக்கலாம்.

தட்டு கையில் இருக்கும்வரை இது பெரிய பிரச்சினை இல்லை. திருகைத் திருப்பி, ஆர்மோனியத்தோடு ஒத்துப்பார்த்து, 'இதுதான் சரியா இருக்கு' என்று ஒரு முடிவுக்கு வரலாம். நாளைக்கு இன்னொருத்தர் வந்து அதை மறுக்கலாம். டிஜிட்டலாக ஏற்றியதும் அந்த ஒரு வேகம் உறைந்துவிடுகிறது. அதை ஒருத்தர் இறக்கி, இரைச்சலை 'சுத்தம்' பண்ணி மறுபடி ஏற்றுகிறார். அதை வைத்து இன்னொருத்தர் கிட்டப்பா இத்தனை கட்டையில் பாடினார் என்று எழுதுகிறார். இரைச்சலை எடுக்கும்போது பிருகாவின் விளிம்பும் சேர்ந்து போகிறது, வழவழவென்று ஒரு குரல் மிஞ்சுகிறது. ஜெராக்ஸ் என்று நண்பன் திட்டியது தப்பான இடத்தில்; இங்கே திட்டியிருந்தால் ஒப்புக்கொண்டிருப்பேன். டிஜிட்டல் மோசமான ஒலி என்பதில்லை என் குற்றச்சாட்டு. எங்கிருந்து வந்தேன் என்று சொல்லாமல் வந்து நிற்கிறது என்பதுதான்.

*

அதற்காக, தட்டு உண்மையைச் சொன்னது என்றும் நினைக்க வேண்டாம். நாடக மேடையில் ஒரு பாட்டுக்கு மூன்று நிமிடம் என்று யாரும் கணக்கு வைக்கவில்லை. ராத்திரி முழுக்க ஓடும் நாடகத்தில் பாட்டு நன்றாக இருந்தால் 'ஒன்ஸ்மோர்' கூச்சல் எழும். பாடகர் மறுபடி எடுப்பார், புதிதாக ஏதாவது சேர்ப்பார். எதிரே இருக்கும் கூட்டமும் அந்தப் பாட்டில் ஒரு கை வைக்கும். பதிவு அறையில் கூட்டம் இல்லை. மூன்று நிமிடத்துக்குள் ராகத்தின் முகத்தைக் காட்டி, சாகித்தியத்தைச் சொல்லி, சங்கதிகளைக் கொட்டி முடிக்க வேண்டும். கிட்டப்பாவின் பதிவுகளில் கேட்கிற அந்த அவசரம், மூச்சுவிடாத வேகம், அவருடைய பாணியா அல்லது தட்டின் நெருக்கடியா? இரண்டும் கலந்தது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. மேடையில் அவர் ஒரு சங்கதியில் நின்று விளையாடியிருப்பார். தட்டில் அந்த இடங்களைத் தொட்டுவிட்டு ஓடுகிறார். நாம் கேட்பது கிட்டப்பாவின் பாட்டு இல்லை, அவரே அதற்கு எழுதிய சுருக்கம். அந்தச் சுருக்கமே நம்மை இப்படி உலுக்குகிறது என்றால் முழுசு எப்படி இருந்திருக்கும் என்ற ஏக்கம் வருகிறது பாருங்கள், அதுதான் அவரைக் கேட்பதன் உண்மையான அனுபவம். அந்த ஏக்கத்தை எந்தத் தொழில்நுட்பமும் தீர்க்காது.

ஆக 'அசல்' என்ற ஒன்று தட்டிலும் இல்லை, போனிலும் இல்லை. தட்டில் இருப்பது வேறொன்று: பொறுப்பு. வட்டமான லேபிளில் பாடியவர் பெயர், பாட்டின் முதலடி, பெரும்பாலும் ராகம், தாளம், கம்பெனி, ஒரு எண். லேபிளை ஒட்டிய அரக்கிலேயே இன்னொரு எண் பொறித்திருப்பார்கள். அதை வைத்து எந்தப் பதிவு என்று தேடிப் போகலாம். கௌஹர் ஜான் பாட்டு முடிந்ததும் தன் பெயரைச் சொல்லியே முடித்தார். இலங்கை வானொலி எங்கள் பக்கம் அவ்வளவு தெளிவாகக் கேட்கும். அதன் அறிவிப்பாளர்கள் தட்டைச் சுழலவிடுமுன் படம், பாடியவர், இசை, பாடலாசிரியர் என்று வரிசையாகச் சொல்வார்கள். பள்ளிக்கூடம் போகாதவர்களும் பாடலாசிரியர் பெயர் தெரிந்து வைத்திருந்தது அப்படித்தான். இன்று ஆப்பில் பாட்டு ஓடுகிறது. யார் எழுதியது என்று பார்க்க மூன்று இடத்தில் தட்ட வேண்டியிருக்கிறது, அப்புறமும் சில சமயம் பெயர் இல்லை. பழைய பாட்டு என்றால் வருசம் தப்பு, ராகம் கிடையாது.

இது முடியாத காரியமா? இன்டர்நெட் ஆர்க்கைவில் 'கிரேட் 78 புராஜெக்ட்' என்று ஒன்று இருக்கிறது. அங்கே ஒரு தட்டைப் பதியும்போது அளவு வேறுபட்ட நான்கு முள்களால் பதிகிறார்கள். எந்த முள் என்பதையும் குறித்து, லேபிளையும் படம்பிடித்துச் சேர்க்கிறார்கள். இரைச்சலை எடுக்காத பதிவும் இருக்கும். பிடித்ததைக் கேட்பவர் தேர்ந்தெடுக்கலாம். டிஜிட்டலால் லேபிளைச் சுமக்க முடியும், தட்டைவிட நன்றாகவே. செய்ய ஆள் வேண்டும். சட்டமும் குறுக்கே நிற்கவில்லை. இந்தியாவில் ஒலிப்பதிவுக்குக் காப்புரிமை வெளிவந்ததிலிருந்து 60 வருசம்தான். கிட்டப்பா உயிரோடிருந்தபோது வந்த தட்டுகளுக்கு எப்படிக் கணக்குப் போட்டாலும் 1993க்குள் அது முடிந்துவிட்டது. அவை இப்போது நம் எல்லாருக்கும் சொந்தம். எல்லாருக்கும் சொந்தம் என்பதால்தான் யாரும் எடுத்துச் செய்யவில்லையோ என்னவோ.

இசைத்தட்டுக் காதலர்கள் மேல் எனக்கு இருக்கிற வருத்தம் இதுதான். காசு இருக்கிறது, பொறுமை இருக்கிறது, தட்டை எப்படித் தொட வேண்டும் என்று தெரிந்திருக்கிறது. இவ்வளவையும் வைத்துக்கொண்டு, நூறு இடத்தில் நன்றாகவே கிடைக்கிற ஒரு 1980களின் பாட்டை இன்னும் கொஞ்சம் இதமாகக் கேட்கத்தான் பாடுபடுகிறார்கள். ராஜாவின் பாட்டு எங்கும் போய்விடாது. பரண்களில் இருக்கிற அரக்குத் தட்டு போய்விடும். ஒவ்வொரு வீடு இடிக்கும்போதும், ஒவ்வொரு பொங்கலுக்கு ஒட்டடை அடிக்கும்போதும் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருக்கிறது.

*

அண்ணாச்சி வீட்டுத் தட்டுகளைத் திண்ணையில் பரப்பி ஒவ்வொன்றாக லேபிளைப் படம்பிடித்தேன். சிலதில் எழுத்து தெளிவாக இருந்தது. சிலதில் பூச்சி அரித்துப் பாதிதான் மிச்சம். இரண்டில் லேபிளே இல்லை, அரக்கில் பொறித்த எண் மட்டும். வெயிலில் சாய்த்துப் பிடித்து, அதையும் எழுதிக்கொண்டேன். படங்களை நண்பனுக்கு அனுப்பினேன். கொஞ்ச நேரம் பதில் இல்லை. அப்புறம், "எவ்ளோ கேக்குறார்?" என்று வந்தது.

அண்ணாச்சியிடம் கேட்டேன்.

"விக்குததுக்கு இல்ல தம்பி. எங்கப்பா இருந்த வரைக்கும் பாடுச்சு. நான் கேட்டு அம்பது வருசம் ஆச்சு. இந்தப் பேரு அழிஞ்ச ரெண்டுல யாரு பாடுதான்னு மட்டும் கண்டுபிடிச்சுச் சொல்லுங்க, போதும்."

அதை அப்படியே நண்பனுக்கு எழுதி அனுப்பினேன். எழுபத்தெட்டு ஓடுகிற பிளேயரும் அதற்கான அகல முள்ளும் என்ன விலை என்று பார்த்துக்கொண்டிருப்பதாக இப்போது சொல்கிறான். வாங்கினால், கேட்ட வேகத்தையும் எழுதி வை என்று சொல்லியிருக்கிறேன்.